உடன்பிறந்தாரும் கொடுங்கோலும்

மந்திர ஆற்றல் வாய்ந்த அண்ணனும் தங்கையும் கொடுங்கோல் அரசொன்றை எதிர்ப்பதைக் கூறும் ஆங்கிலப் புதினம் 'விட்ச் அண்ட் விசர்ட்'. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பாட்டர்சன், கேப்ரியல் சார்பனே என்பாருடன் சேர்ந்து எழுதிய இந்நூல் 2009இல் வெளிவந்தது.

தொடக்கம் நன்று. நள்ளிரவில் புதிய அரசின் படையினர் வீடு புகுந்து விட், விஸ்டி என்னும் இருவரையும் சிறைப்பிடிக்கின்றனர். ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுசெல்ல இசைவு கிடைக்கிறது. பெற்றோர் மகளுக்கு முரசு கொட்டும் கோலையும், மகனுக்கு எழுத்தே இல்லாத ஏட்டையும் கொடுக்கின்றனர். இசையையும் நூலையும் தடைசெய்யும் அரசுக்கு எதிரே இவ்விரண்டையும் நிறுத்தியது நல்ல கற்பனை.

விஸ்டி சினம் மிகுந்தால் தீயாய் எரிகிறாள்; அத்தீ அவளைச் சுடுவதில்லை. வெகுளியின் நிலைக்களன் நான்கனுள் குடிகோளையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். குடும்பத்தைச் சிதைத்தார்மேல் எழும் சினமாதலின் அத்தீயை நாமும் ஏற்கிறோம். ஏற்க இயலாதது பின்னர் வருவது. இடர் நேருந்தோறும் புதியதோர் ஆற்றல் முளைக்கிறது. பகைவன் ஒருவன் சிறு விலங்காகவே மாறிவிடுகிறான். அடுத்த பக்கத்தில் மாயம் வந்து காக்கும் என்று அறிந்தபின் படிப்பவர்க்கு அச்சம் ஏது? அண்டை வீட்டார் இவ்வரசை ஏன் ஏற்றனர் என்பதற்கும் நிறைவான விடை இல்லை.

இதற்கு 47 ஆண்டுகள் முன்னரே, 1962இல், மெடலின் லெங்கிள் 'எ ரிங்கிள் இன் டைம்' நூலில் இப்பொருளைத் தொட்டார். மெக் என்னும் சிறுமி, தம்பி சார்லஸ் வாலசுடனும் நண்பன் கால்வினுடனும் தந்தையைத் தேடிக் காமசாட்ஸ் என்னும் கோளுக்குச் செல்கிறாள். அங்கே வீடுகள் யாவும் ஒரே அமைப்பு. வாயில்தோறும் சிறுவர்கள் ஒரே தாளத்தில் பந்து தட்டுகின்றனர். ஒருவன் மட்டும் தாளம் தவறுகிறான். தாய் நடுநடுங்கி அவனை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். அக்காட்சியில் படைவீரன் ஒருவனும் இல்லை. தாயின் கையே அரசின் கையாகிவிட்டது. பாட்டர்சன் நூலின் சிறைகள் அனைத்தினும் இவ்வொரு வாயில் என்னை மிகுதியாக அச்சுறுத்தியது.

இன்னொன்றும் காண்க. சார்லஸ் வாலஸ் ஐந்து வயதினன். பிறர் உள்ளத்தை அறியும் திறன் உடையவன். அத்திறனை நம்பிச் சென்றவனே, 'அது' எனப்படும் மூளைக்கு அடிமையாகிறான். மீட்பவளோ, அத்தகைய திறன் ஏதும் இல்லாத மெக். 'அது'விடம் இல்லாதது தன்னிடம் என்ன உண்டு என்று தேடி, தம்பிமேல் கொண்ட அன்பே அது எனக் காண்கிறாள். இம்முடிவு சற்று விரைந்து வருகிறது என்பது உண்மையே. எனினும் ஆற்றல் உடையவனே வீழ்வான் என எழுதத் துணிந்தது எளிதன்று. மந்திரக் கதைகளில் அரிது.

படிப்பில் நாட்டம் குறைந்த மாணவரைப் பாட்டர்சனின் மிகக் குறுகிய இயல்கள் ஈர்க்கும். வகுப்பு நூலகத்தில் அதற்கும் இடம் தரலாம். பாடவேளையில் மாணவரோடு சேர்ந்து படிக்க ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டின், லெங்கிளின் நூலையே எடுப்பேன்.