வினாவுவோனும் விடையிறுப்போனும்

கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர் தமக்குள் ஒருவரையொருவர் வினாவியறியும் வழக்கம் அத்தொழிலோடு உடன்பிறந்ததெனலாம். இணையம் பரவிய பின்னர் அவ்வழக்கம் உலகளாவியதாயிற்று. ஓர் ஊரில் இருப்பவன் இரவிலே விடுக்கும் வினாவுக்கு, அவன் முகமறியாத ஒருவர் வேறொரு கண்டத்திலிருந்து விடிவதற்குள் விடை எழுதிவிடுகின்றார். அவருக்குக் கூலி இல்லை. நன்றி கிடைப்பதும் உறுதியன்று. இத்தகைய கொடைக்கு ஓர் ஒழுக்கநூல் வகுக்க முற்பட்டவர் எரிக் றேமண்ட் என்னும் அமெரிக்கர். 'பேராலயமும் கடைத்தெருவும்' எனப் பொருள்படும் கட்டுரையினால் 1997ஆம் ஆண்டிலே செய்நிரலாளரிடையே பெயர்பெற்ற அவர், றிக் மோயன் என்பாரோடு கூடி, 'அறிவுடைமையோடு வினாவுவது எங்ஙனம்' என்னும் கருத்துடைய தலைப்பில் 2001ஆம் ஆண்டிலே வேறொரு கட்டுரையை வெளியிட்டார். அது பல மொழிகளிலே பெயர்க்கப்பட்டது. திறந்த மூலநிரற் குழுவினர் பலர் தம்மிடம் வரும் புதியோர்க்கு முதலிற் காட்டும் ஏடாகவும் அது நின்றது. அதனை எவரும் இலக்கியமென்று எண்ணிப் படிப்பதில்லை. ஆயினும், ஒரு தலைமுறையினர் கேட்கும் முறையையும் கொடுக்கும் முறையையும் உருவாக்கிய உரைநடையென்பதால் அது ஆராயத்தக்கதே.

கட்டுரையின் மிகச் சிறந்த பகுதியை முதலிற் கூறுவது நேர்மையாகும். கண்ட அறிகுறியைக் கூறவேண்டும், தன் ஊகத்தைக் கூறலாகாது என்று அது விதிக்கின்றது. செய்நிரல் இடையிலே நின்றுபோக, அதற்குக் காரணம் கணினியின் நினைவகப் பழுதென்று தானே முடிவுசெய்துகொண்டு, 'நினைவகத்தை மாற்றுவது எப்படி?' என்று ஒருவன் கேட்பானாயின், விடை கூறுவோர் அனைவரும் அவனுடைய பிழையான முடிவின் பின்னே அலைவர். 'எனக்குப் பித்தம்; அதற்கு மருந்து தருக' என்னும் நோயாளியிலும், 'உணவு கொண்டபின் தலை சுற்றுகின்றது' என்னும் நோயாளியே வைத்தியனுக்கு உதவுபவன். அறிகுறிகளை நிகழ்ந்த முறைப்படி கூறுதல், முன்னரே செய்துபார்த்தவற்றை எடுத்துரைத்தல், இடையிலுள்ள படியை மாத்திரம் கேளாது அடையவேண்டிய இலக்கையும் தெரிவித்தல், வழு நீங்கியபின் எவ்வாறு நீங்கிற்றென்று திரும்பிவந்து உரைத்தல் ஆகியனவும் அக்கட்டுரை வற்புறுத்துவன. இறுதியிற் கூறியது பெரிதும் மறக்கப்படுவது. பயன் பெற்றவன் வாய்திறவாது போய்விட்டால், அதே இடர்ப்பாட்டோடு பின்னர் வருபவன் எந்த விடை பலித்ததென்று அறிய மாட்டான். 'அவசரம்' என்று தலைப்பிடுவதை அது கடிவதும் தக்கதே. அவசரம் கேட்பவனுக்குரியது, விடையிறுப்பவர் அதிற் பங்காளியல்லர்.

இவ்வளவும் நன்று. குறை தொடங்குமிடம் வேறு.

வினாவுவதற்கு முன் கையேட்டைப் படித்தும் இணையத்திலே தேடியும் பார்த்திருத்தல் வேண்டும் என்பது கட்டுரையின் அடிப்படை. அங்ஙனம் செய்யாதவனைக் கடுஞ்சொல்லாற் கடிதல் முறையென்றும், கடியப்பட்டவன் அதனைப் பொறுத்தல் வேண்டுமென்றும் அது கூறுகின்றது. சிந்திக்க விரும்பாதவரிடத்தே தம் கூட்டத்தார் பகைமை பாராட்டுவர் என்பதைக் கூச்சமின்றி ஒப்புக்கொள்ளுகின்றது. அவ்விதி சோம்பேறிக்குப் பொருந்தும். அறியாதவனுக்குப் பொருந்துமோ?

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். பைதன் மொழியிற் கடைக்கணக்கு ஒன்றிற்குச் செய்நிரல் எழுதத் தொடங்கும் மாணவன் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டுகின்றான். கணினி 0.3 என்று கூறாது 0.30000000000000004 என்று கூறுகின்றது. அவனுக்குத் திகைப்பு. காரணம் யாதெனில், கணினி பின்ன எண்களை இரண்டினை அடியாகக் கொண்டு எழுதுகின்றது. பதின்ம முறையில் மூன்றிலொன்றை எழுதப்புகின் 0.333 என முடிவின்றிச் செல்லுதல் போல, இரும முறையிற் பத்திலொன்றும் முடிவின்றிச் செல்லும்; கணினி அதனை ஓரிடத்திலே வெட்டி வைத்துக்கொள்ளுகின்றது. இது நூறுமுறை விளக்கப்பட்ட செய்தி. ஆயினும் அதனைத் தேடிக் காண்பதற்கு 'மிதக்கும் புள்ளி எண்' என்னும் பெயர் தெரிந்திருத்தல் வேண்டும். பெயரை அறிந்தவன் பாதி விடையை அறிந்தவன். பெயரறியாத மாணவன் எச்சொல்லைக் கொண்டு தேடுவான்? கூட்டல் பிழைக்கின்றதென்று அவன் எழுதினால், அஃது உழைப்பின்மையாகவும் அகந்தையாகவும் தோன்றும். 'கையேட்டைப் படி' என்று விடை வரும். றேமண்டின் கட்டுரை உழைப்பின்மையையும் அறியாமையையும் வேறுபடுத்த முயல்கின்றது; ஆனால் ஒரு வினாவின் வெளித்தோற்றத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியைக் கூறிற்றில்லை. விடையிறுப்போன் சினங்கொண்ட வேளையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

நன்னூற் பாயிரம் கற்றார்க்கு இவ்விடத்திலே ஓர் ஒப்புமை தோன்றாதிராது. பவணந்தி முனிவர் கற்றல் கற்பித்தலைக் கூறப்புகுந்தபோது, நூலின் இயல்பை அடுத்து ஈவோன் தன்மையையும் ஈதலின் இயல்பையும் முன்வைத்து, கொள்வோன் தன்மையையும் கோடல் மரபையும் அவற்றின் பின்வைத்தார். மாணாக்கர்பால் அவர் இரக்கம் மிகுந்தவரல்லர். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடை மாணாக்கர்க்கு அவர் கூறிய உவமைகள். ஆனால் அவற்றுக்கு முன்னரே ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமைகள் கூறிவிட்டார். அவற்றுள் ஒன்று மடற்பனை. தானாகக் கனி வீழ்த்துமேயன்றி, வேண்டி அணுகுவோனைக் கருக்கு மட்டையாற் கிழித்து விலக்கும் பனையை யாழ்ப்பாணத்தார்க்கு விளக்கவேண்டியதில்லை. றேமண்டின் கட்டுரை இவ்வரிசையைத் தலைகீழாக்கிற்று. கேட்போன் கடமை பக்கம் பக்கமாக விரிகின்றது. கொடுப்போன் கடமை இறுதியிலே சிறியதொரு பகுதியாகச் சுருங்கிவிடுகின்றது.

அச்சிறு பகுதியோ மிக நல்லது. மென்மையாக நடக்க, இடர்ப்பட்டவன் பேச்சு முரடாகத் தோன்றுதல் இயல்பு, முதன்முறை தவறியவனைத் தனியே அழைத்துக் கூறுக, அவையிலே நாணச்செய்ய வேண்டா, உறுதியாகத் தெரியாததைத் தெரியாதென்று சொல்லுக, கேள்வி கேட்டுக் கேட்டுக் குறையான வினாவை நிறைவாக்குக, நாமனைவரும் ஒருகாற் புதியோராக இருந்தோம் என்பன அதன் கருத்துக்கள். கட்டுரையைக் காட்டிப் புதியோரை விரட்டியவர்கள் அதன் கடைசிப் பக்கம்வரை சென்றவர்களாகத் தோன்றவில்லை.

நன்னூலார் விடைகளையும் வகுத்துள்ளார். நேரே விடை கூறுவனவற்றை ஒருபுறம் வைத்து, விடையைக் குறிப்பாற் பயப்பனவற்றை மறுபுறம் வைத்தார். கையேட்டைப் படியென்பது ஏவல் விடை. 'இதுவரை யாது செய்து பார்த்தாய்?' என்பது வினாவுக்கு எதிராக வினாதல். ஒரு கருவியைப் பற்றிக் கேட்டவனுக்கு 'அதனை விடுத்து வேறொரு கருவியைக் கொள்' என்பது இனமொழிக்கு அணித்தாய் நிற்பது. ஜாவாஸ்கிரிப்டிற் கேட்ட எதற்கும் ஜேகுவெரியைக் கொள்ளென்று விடை வந்த காலம் ஒன்றிருந்தது, அது செய்நிரலாளரிடையே நகைப்புக்கும் இடமாயிற்று. இவையாவும் விடையேயல்ல என்பதற்கில்லை. எதிர்வினா பல வேளைகளிலே நேர்விடையினும் நன்று. ஆயினும் குறிப்புவிடை, கேட்போன் குறிப்பை உணர வல்லவனாயின் மாத்திரமே விடையாகும். உணர மாட்டாதவனுக்கு அது மூடிய கதவு.

விடையிறுப்போர் பக்கத்து நியாயத்தையும் மறத்தலாகாது. நன்னூல் கூறும் ஆசிரியனுக்கு வழிபட்டு உடனுறையும் மாணாக்கன் இருந்தான். அவன் குணமும் கொள்ளளவும் ஆசிரியனுக்குத் தெரியும். இணையத்திலே விடை தருவோனுக்கு முன்னிருப்பது முகமில்லாத நாலு வரி. அதே நாலு வரி நாளைக்கும் வரும், வேறொருவர் எழுதுவார். பத்தாண்டு இக்கொடையைச் செய்தவர் சலித்துப்போதல் குற்றமன்று. பாடசாலையிலே ஒரே கணக்கை ஆண்டுதோறும் விளக்குபவர்க்காவது சம்பளம் உண்டு.

இச்சலிப்புக்கு ஒரு மருந்தாக எழுந்ததே, ஜெவ் அற்வூட், ஜோல் ஸ்பொல்ஸ்கி என்னும் இருவர் 2008ஆம் ஆண்டிலே நிறுவிய ஸ்டாக் ஓவர்புளோ. வினா கேட்டவனுக்காக மாத்திரம் விடை எழுதப்படுவதன்று, பின்னர் தேடி வரும் எண்ணிறந்தோர்க்காகவும் எழுதப்படுவது என்னும் கருத்தே அதன் அடித்தளம். அதனாலேயே நல்ல விடைக்கு வாசகர் இடும் வாக்கு ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி, கேட்டவன் ஏற்றுக்கொண்ட விடைக்கு 15 புள்ளி என மதிப்பு வகுத்தனர். தானறிந்ததைத் தானே வினாவி விடையும் எழுதிவைக்க அங்கு இடமுண்டு. ஆசிரியன் விடையறிந்தும் வினாவும் அறிவு வினாவுக்கு இஃது ஒருபுடை உறவினதாம். றேமண்டின் கட்டுரையிலே வினாவுவோனுடைய தகுதி அளக்கப்பட்டது. இங்கே வினாவின் பயன் அளக்கப்பட்டது. இது பெரிய முன்னேற்றமென்பதில் ஐயமில்லை. மேற்கூறிய 0.1, 0.2 கூட்டலுக்கு அங்குள்ள விளக்கத்தைத் தேடி வந்து தெளிந்தோர் மிகப் பலர்.

ஆனால் பயனை அளக்கப்புகுந்த அவ்வமைப்பு, முன்பே கேட்கப்பட்ட வினாவை 'இரட்டிப்பு' என்று முத்திரையிட்டு மூடுதலையும் வகுத்தது. பொதுவிளக்கம் ஒன்றிருப்பதால், தன் நாற்பது வரிக்குள் வழு எங்கே ஒளிந்திருக்கின்றதென்று கேட்டவனுக்கும் அப்பொதுவிளக்கமே காட்டப்பட்டது. பிறர் எழுதியதன் கீழே ஒரு சிறு ஐயத்தைக் குறிப்பதற்குத்தானும் 50 புள்ளி ஈட்டியிருத்தல் வேண்டும் என்னும் விதி, புதியவன் வாயைக் கட்டிற்று. அவ்விடம் புதியோர்க்கு இன்முகம் காட்டுவதாயில்லை என்பதை அந்நிறுவனத்தின் மேலாளரே 2018 ஏப்பிரலிலே வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டனர். மடற்பனைக்குப் புள்ளிகளால் வேலி கட்டியதுபோலாயிற்று.

வினாவைக் கண்ட மாத்திரத்தில் வினாவுவோனை அளந்துவிடலாமென்னும் நம்பிக்கை எவ்வளவு பேதைமையுடையது என்பதற்கு இத்துறையின் வரலாற்றிலேயே சான்றுண்டு. 1991 யூலை 3ஆந் திகதி, மினிக்ஸ் என்னும் இயக்க அமைப்பைப் பயன்படுத்துவோர் கூடும் யூஸ்நெற் அவையிலே, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் பொசிக்ஸ் விதிகளின் பிரதி எங்கே கிடைக்குமென்று கேட்டான். வெறும் அறியா வினா. கண்டோர்க்கு அதிலே வியப்பொன்றும் தோன்றியிராது. ஒகஸ்ட் 25ஆந் திகதி அவனே மீண்டும் வந்து, தான் ஓர் இயக்க அமைப்பை ஆக்கி வருவதாகவும் அதிலே யாது இருத்தலை விரும்புவரென்றும் வினாவினான். இதனைக் கொடை வினாவென்னலாம், கொடுத்தற்பொருட்டுக் கேட்டது. அம்மாணவன் லீனஸ் தோர்வால்ட்ஸ், அவ்வாக்கம் லினக்ஸ். அதனைப் பிறர் பெறுமாறு சேவையகத்திலே இடமளித்து, அப்பெயரையும் இட்டவர் ஆரி லெம்கே என்பவர். யூலை மாதத்து வினாவை யாரேனும் எள்ளி ஒதுக்கியிருப்பின் லினக்ஸ் தோன்றியிராது என்று கூறுதல் மிகையாகும். ஆனால் யூலையில் வினாவியவன் யாரென்பது ஒகஸ்டிலேதான் தெரிந்தது என்பது மிகையன்று. அதே தோர்வால்ட்ஸ் பிற்காலத்திலே தம் குழுவினரின் நிரல்களைக் கொடுஞ்சொல்லாற் சாடுபவராகப் பெயரெடுத்ததும், 2018 செப்ரெம்பரிலே அதற்காக மன்னிப்புக் கோரிச் சிலகாலம் ஒதுங்கியிருந்ததும் கருதத்தக்கன.

இவ்வாராய்ச்சிக்கு இன்று புதியதொரு காரணம் நேர்ந்துள்ளது. 2022 நவம்பர் 30ஆந் திகதி சாட்ஜிபிடி வெளிவந்தது. எத்தகைய வினாவுக்கும் அது முகஞ்சுளிக்காது விடை கூறுகின்றது. 'முன்பே கேட்கப்பட்டது' என்று கதவை மூடுவதில்லை. கடியப்பட்ட புதியோர் அதனிடம் சென்றதிலே வியப்பில்லை. அதன் பின்னர் ஸ்டாக் ஓவர்புளோவில் எழும் வினாக்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இயந்திரத்தின் பணிவு இனியதே. எனினும், உறுதியில்லாததை உறுதியில்லையென்று கூறுக என்னும் றேமண்டின் கடைசிப் பக்கத்து அறிவுரையை அது பெரிதும் கடைப்பிடிப்பதில்லை. தோற்றத்தால் நல்லனவும் உள்ளே பிழைபட்டனவுமான விடைகள் பெருகியமையால், ஸ்டாக் ஓவர்புளோ 2022 டிசெம்பரிலேயே இயந்திரம் எழுதிய விடைகளைத் தடைசெய்தது. மேலும், விடையைத் தனியே அனுப்புமாறு கேளற்க, அவையறியவே விடை நிகழ்தல் வேண்டும் என்று றேமண்ட் வற்புறுத்தியிருந்தார். இயந்திரத்தோடு நிகழும் உரையாடல் அறைக்குள்ளே தொடங்கி அறைக்குள்ளேயே முடிகின்றது. அங்கே தீர்ந்த ஐயம் அடுத்தவனுக்குக் கிடைப்பதில்லை. பிழையான விடையைத் திருத்துவார் பக்கத்திலே எவருமில்லை.

ஆசிரியராகத் தகாதார்க்கு நன்னூலார் கூறிய உவமைகளுள் முடத்தெங்கும் ஒன்று. நீர் வார்த்தவன் வளவிலே நில்லாது வேலிக்கு அப்பால் வளைந்து, வாராதவனுக்குக் காய் கொடுப்பது. இயந்திரத்தைப் பயிற்றுவதற்கு மனிதர் எழுதிவைத்த விடைகள் உதவுகின்றன. 2024 மே மாதத்திலே ஸ்டாக் ஓவர்புளோ நிறுவனம் சாட்ஜிபிடியை ஆக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டபோது, ஆண்டுக்கணக்காக விடையெழுதியோர் சிலர் மனங்கசந்து தம் விடைகளைத் தாமே அழிக்கலாயினர். அவை பொதுவுரிமைக்குட்பட்டு வெளியிடப்பட்டவை. ஆதலின் நிறுவனம் அவற்றை மீண்டும் நிறுத்தியது. அழித்தோர் சிலரைச் சில நாளைக்கு விலக்கியும் வைத்தது.