கணிப்பொறியும் நம் கொடிவழியும்

சோழ மன்னர்தம் கொடிவழியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு விரித்துரைக்கின்றது. இன்னார் மகன் இன்னார் என்பதைக் கல்லிலும் செம்பிலும் பொறித்துவைக்க அரசர்க்கு ஆள் இருந்தது. காட்டை அழித்துப் பால்மரம் நட்டவரின் பாட்டன் பெயரை எந்தக் கல்லில் தேடுவது? இவ்வினாவிற்கு விடை தேட நமக்கு உதவ முன்வந்திருப்பவை குடும்ப வரலாற்று இணையதளங்கள். அவற்றுள் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தத்தக்க ‘ஃபேமிலிசேர்ச்’ என்னும் பெருந்தளத்தில் அண்மையில் சேர்ந்துள்ள வசதிகளையும், அது தரும் பாடங்களையும் தமிழாசிரியர் நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அதன் சிறப்பைக் கூறுதல் முறையாகும். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக் கிறித்துவத் திருச்சபை ஒன்று 1894ஆம் ஆண்டில் நிறுவிய மரபாய்வுக் கழகமே இதன் தாய். 1938 முதல் அக்கழகம் பல நாட்டு ஏடுகளை நுண்படச் சுருள்களாக எடுத்து வந்தது. ஏறத்தாழ 24 லட்சம் சுருள்களைக் கணிப்பொறிக்கு மாற்றும் பணி 2021ஆம் ஆண்டில் முடிவுற்றது. முன்பெல்லாம் தொண்டர் ஒருவர் ஏட்டைப் படித்துப் பெயரட்டவணை செய்த பின்னரே பிறர் அதில் தேட முடியும். 2024ஆம் ஆண்டில் வந்த முழுவாசகத் தேடலோ, பழைய கையெழுத்தைப் பொறியே படித்தறியும் திறன் உடையது. ஒரு நிலப் பத்திரத்தில் சாட்சியாக நின்றவர் பெயரைக்கூட அஃது எடுத்துக் காட்டும். முதலில் அமெரிக்க நில ஆவணங்களிலும் உயில்களிலும், மெக்சிகோ நாட்டுப் பத்திரங்களிலும் இத்தேடல் நடைமுறைக்கு வந்தது. இவற்றோடு நாடு வாரியாக வழிகாட்டும் ஆய்வுக் களஞ்சியமும், ‘ரூட்ஸ்டெக்’ மாநாட்டின் சொற்பொழிவுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கற்பிப்பதில் இவ்வளவு தாராளம் காட்டும் தளத்தைப் பாராட்டாமல் இருத்தல் இயலாது.

ஆயின், அப்பாடங்கள் பெரும்பாலும் ஒன்றை முன்கூட்டியே கொண்டு நடக்கின்றன: முன்னோர்க்கு ஏடு உண்டு, அவ்வேட்டில் குடும்பப் பெயர் உண்டு என்பதே அது. நமக்கு இவ்விரண்டும் பொருந்துமா?

ஏட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் சென்றோர் ஒரு லட்சத்து ஐம்பதினாயிரத்திற்கும் மேற்பட்டவர். அவருள் மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர். அவர்களது கப்பற் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடற்குறி ஆகிய யாவும் காணப்படும். தர்பனில் உள்ள பேரன் தன் பாட்டனார் ஊரை அதில் தேடலாம். மலாயாவில் ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர்க் கங்காணியோடு வந்தவர் பேரால் அத்தகைய ஒப்பந்தம் எழுதப்படவில்லை. 1938இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதைத் தடை செய்யும்வரை நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர் பலர் இவ்வகையினரே. அவர் வழியினர் நேட்டால் பட்டியல் போன்ற ஒன்றை எதிர்பார்த்தல் வீண். சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாதவர்க்கோ, பலருக்குக் கல்லறையும் இல்லை. ஏடே இல்லாத இடத்தில் கையெழுத்தைப் படிக்கும் பொறி எதைப் படிக்கும்?

இனிப் பெயர். தளத்தின் கொடிவழியில் ஒருவர்க்குப் பெயர்க் கட்டம் ஒன்றும் குடும்பப் பெயர்க் கட்டம் ஒன்றும் உள. நமக்கோ தந்தை பெயரே தலையெழுத்து. அதனைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட்டால், தந்தைக்கு ஒரு குடும்பப் பெயரும் மகனுக்கு வேறொன்றும் வந்து சேரும்; குடும்பப் பெயரைக் கொண்டு உறவைத் தேடுதல் பயனற்றதாகும். இடர் இதனோடு முடியவில்லை. லட்சுமி என்பவள் பிறப்புப் பத்திரத்தில் ‘லெச்சுமி’ ஆகவும், தோட்டத்துச் செக்ரோலில் ‘லெட்சிமி’ ஆகவும் இருப்பாள். கிராணியார் காதில் விழுந்ததே உரோமன் எழுத்தில் பதிவாயிற்று. ழகரமும் றகரமும் அங்கே மறைந்தன.

உறவுச் சொல்லிலும் இக்குறை உண்டு. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் ஆகிய மூவரையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிடும். மாமன் மகளை மணந்த குடும்பத்தில் ஒரே பாட்டி தந்தை வழியிலும் தாய் வழியிலும் தோன்றுவாள். தளத்தின் வரைபடம் அவளை இருமுறை காட்டும். மாணவனோ பிழை நேர்ந்ததென்று அஞ்சுவான். இது பிழையன்று, நம் மணமுறை என்று விளக்குதல் ஆசிரியர் கடமை.

நிற்க. இக்குறைகள் காரணமாகத் தளத்தை ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது. நமக்கு மிகவும் வேண்டிய வசதி ஒன்று அதில் இருக்கின்றது. நிழற்படத்தோடு குரலையும் பதிந்து வைக்க அஃது இடமளிக்கின்றது. பிரட்டுக் களத்தையும் கப்பலையும் பற்றி ஒரு பாட்டி கூறும் சொற்கள் நமக்கு ஏடாகும். தேடும் பொறியைவிடச் சேர்த்து வைக்கும் இப்பேழையே நமக்கு முதன்மையானது. தளத்தின் பாடங்கள் இவ்வரிசையைத் தலைகீழாக வைத்துள்ளன என்பதே என் கருத்து.

ஜொகூரில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இடம் மாறிய பின்னும் தோட்டப் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப் பள்ளிகள் சில உள. அப்பெயரை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலின் ஆசிரியர்கள் மாணவர்க்கு ஐந்து வினாக்களைக் கொடுத்தனுப்பலாம்: தாத்தா பாட்டியின் முழுப்பெயர் யாது? பிறந்த ஊரும் வட்டமும் எவை? எப்போது, யாரோடு வந்தனர்? எந்தத் தோட்டத்தில் என்ன வேலை செய்தனர்? அவர்களுடன் பிறந்தவர் யாவர்? விடைகளைத் தமிழெழுத்தில் எழுதச் செய்க. பத்திரத்தில் உள்ள உரோமன் வடிவத்தைப் பக்கத்தில் குறிக்கச் செய்க.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. நேட்டால் பட்டியலில் இருந்த சாதிக் கட்டம் நம் வகுப்பறைக்கு வரலாகாது. தந்தையின்றி வளரும் பிள்ளையை முழுக் கொடிவழி வரையுமாறு வற்புறுத்தலும் ஆகாது. வளர்த்தவர் பெயரிலிருந்து அவன் தொடங்கட்டும். இணையத்தில் ஏற்றுமுன் பெற்றோர் இசைவைப் பெறுக. அங்குள்ள கொடிவழி உலகோர்க்குப் பொதுவானது. மறைந்தோர் பக்கத்தில் யாரும் திருத்தம் செய்யலாம். எனவே மூலப்படி ஒன்று பள்ளி அலமாரியில் இருத்தல் நலம். இவ்வாண்டு விடுமுறைக்கு முன் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு குறிப்பேட்டையேனும் தொடங்குவோமாக.

— தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பெர்மாஸ் ஜெயா