கழிவுக் கண்ணாடியும் அளவை மரபுகளும்

அணுக்கழிவைப் போரோசிலிகேட் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் கலங்களில் ஊற்றும் வேலை, பிரான்ஸின் மார்கூலில் 1978-இல் ஆலை அளவில் தொடங்கியது. அமெரிக்காவின் சவன்னா ரிவர் ஆலை 1996-இல் கதிரியக்கக் கழிவை உருக்கத் தொடங்கியது. நம் நாட்டில் தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் இதற்கான ஆலைகள் உள்ளன. ஊற்றியதோடு வேலை முடிந்துவிடாது. அமெரிக்க ஏற்பு விதிப்படி, ஆக்சிஜன் நீங்கலாக எடையில் 0.5 சதவீதத்துக்கு மேலிருக்கும் ஒவ்வொரு தனிமத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கை எடுக்கும் மரபுகளில் ஒன்று கண்ணாடிக்காகக் காத்திருப்பதில்லை. உலைக்குப் போகும் குழம்பிலேயே மாதிரி எடுத்து அளந்து, தேறினால்தான் அனுப்பும். உருகிய பிறகு திருத்த வழியில்லை என்பதால் இது நியாயமான முறைதான். ஆனால் சீசியம், ருத்தீனியம் போன்றவற்றில் ஒரு பங்கு உலையின் புகையோடு போய்விடும். குழம்பில் இருந்த அளவெல்லாம் கண்ணாடியில் இருக்கும் என்று எழுதிவிட முடியாது.

கண்ணாடியையே பொடித்துக் கரைப்பது அடுத்த மரபு. உண்மையான வித்தை இங்கேதான். பொடியைச் சோடியம் பெராக்சைடுடன் சிர்கோனியம் மூசையில் உருக்கி, ஆறியபின் நீரும் அமிலமும் விட்டுக் கரைத்து, பிளாஸ்மா நிறமாலைக் கருவிக்குக் கொடுப்பார்கள். சிலிக்காவும் போரானும் அழகாக வரும். ஆனால் சோடியத்தை நாமே கொட்டியிருக்கிறோம், மூசையிலிருந்து சிர்கோனியமும் கலந்திருக்கிறது. இரண்டையும் கணக்கில் எடுக்கக் கூடாது. லித்தியம் மெட்டாபோரேட்டில் உருக்கினால் சோடியம் கிடைக்கும், லித்தியமும் போரானும் போயின. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்ந்த கலவையில் கரைத்தால் சிலிக்கான் ஆவியாகத் தப்பும். மிஞ்சிய ஃபுளோரைடைக் கட்ட போரிக் அமிலம் விட்டால் போரான் கணக்கும் கெடும். அதனால்தான் தேர்ந்த ஆய்வகங்கள் ஒரே பொடியை இரு வழிகளில் கரைத்து, முடிவுகளைச் சேர்த்துப் படிக்கின்றன. ஏ.எஸ்.டி.எம். சி1463 என்ற நெறிமுறை இத்தகைய கரைப்பு முறைகளைத்தான் தொகுத்துத் தருகிறது.

எக்ஸ் கதிர் ஒளிர்வு முறைக்குக் கரைப்பு தேவையில்லை. இரும்பு, சிர்கோனியம் விரைவில் தெரியும். லித்தியம் அதன் கண்ணில் படாது, போரான் பட்டும் படாமல்தான். லேசரால் சுரண்டி அளப்போர் அமெரிக்கத் தர நிறுவனத்தின் 610, 612 எண் கண்ணாடிகளை ஒப்பீட்டுக்கு வைக்கிறார்கள். அவை நுண்ணளவுத் தனிமங்களுக்காகச் செய்யப்பட்டவை. கழிவுக் கண்ணாடியின் முதன்மைத் தனிமங்களுக்கு அவற்றை மட்டும் நம்புவது தவறு என்பேன். பல ஆய்வகங்கள் சேர்ந்து அளந்த, எல்.ஆர்.எம். எனப்படும் ஒப்புக் கண்ணாடி போன்றதே அதற்குப் பொருத்தம்.

ஆக்சைடுகளைக் கூட்டினால் 95 முதல் 105 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பது பழகிப்போன தேர்வு. அவசியமானது, ஆனால் போதாதது. சிலிக்கா குறைந்து சோடியம் கூடினாலும் கூட்டுத்தொகை நூறுக்கருகே நிற்கும். 90 டிகிரியில் ஏழு நாள் ஊறவைக்கும் கசிவுச் சோதனையில் தேறியதைக் காட்டிச் சேர்மானமும் சரி என்று வாதிடுவோரும் உண்டு. அது கண்ணாடியின் உறுதியைச் சொல்லும், உள்ளிருப்பைச் சொல்லாது.

இதைப் படிக்கும் ஆய்வக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிக்கையில் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே எதில் கரைத்தீர்கள், எந்த மூசை, எந்த ஒப்புக் கண்ணாடி என்பதையும் எழுதுங்கள்.