மெய்ப்பாடும் குறுங்கவிதையும்

உள்ளத்தில் எழுந்த உணர்வு உடலில் தோன்றிப் பிறர்க்குப் புலனாவதைத் தமிழிலக்கணம் மெய்ப்பாடு என்று வழங்கும். தொல்காப்பியர் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலை இதற்கென்றே ஒதுக்கினார். நகையில் தொடங்கி உவகையில் முடியும் எட்டு மெய்ப்பாடுகளையும், ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நந்நான்கினையும் அவ்வியல் எடுத்துரைக்கிறது. இத்துணையும் தமிழாசிரியர் யாவரும் அறிந்ததே. ஆயின், அதே மெய்ப்பாடு செய்யுளியலிலும் செய்யுளுறுப்புகளுள் ஒன்றாக எண்ணப்பட்டிருப்பதை மாணவர்க்கு வற்புறுத்துவோர் சிலரே. அசையும் சீரும் அடியும் போல மெய்ப்பாடும் பாட்டுக்கு உறுப்பு. ஆராய்ந்து உணர வேண்டாதபடி, சொல்லப்பட்ட பொருள் கண்முன் தோன்றுமாறு அமைவதே அவ்வுறுப்பின் இலக்கணம். இவ்விலக்கணத்தின் அருமை நெடும்பாட்டைவிடக் குறும்பாட்டிலேயே நன்கு விளங்கும். நெடும்பாட்டில் புலவன் உணர்வை விரித்துரைக்கலாம், உவமைகளை அடுக்கலாம். மூன்று நான்கு அடிகளில் முடியும் பாட்டில் அதற்கு இடமில்லை. ஓர் அசைவு, ஒரு பார்வை, ஒரு தயக்கம் ஆகியவற்றுள் ஒன்றைக் காட்டிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டை எண்ணிப் பார்க்கலாம். கூடலூர் கிழார் பாடியது, ஆறே அடி. புதுமனைவி தயிரைப் பிசைகிறாள். துவைக்க வேண்டிய ஆடையைத் துவைக்காமலேயே உடுத்தியிருக்கிறாள். தாளிப்பின் புகை அவள் கண்களில் நிறைகிறது. அவள் வருந்திச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மகிழ்கிறது. செய்தி அவ்வளவே. இப்பாட்டில் காதல் என்ற சொல் இல்லை. தலைவி ஒரு சொல்லும் பேசவில்லை. விரல், ஆடை, கண் என்று உறுப்புறுப்பாக நகரும் பார்வை ஈற்றடியில் முகத்தை அடைந்து நின்றுவிடுகிறது. அம்மகிழ்ச்சிக்குப் புலவர் தந்த அடைதான் பாட்டின் உயிர். அவள் பெரிதும் மகிழ்ந்தாள் என்று கூறியிருந்தால் பாட்டு முற்பகுதியோடு முடிந்திருக்கும். பிறர் காணாதபடி மலர்ந்த மலர்ச்சியாகையால், அதனைக் காண்பவர் கூர்ந்து நோக்கியாக வேண்டும்; படிப்பவரும் அவ்வாறே.

குறுங்கவிதை எழுதுவதில் உள்ள இன்பமும் இதுவே. சொல்லாமல் விட்டது பிறர் உள்ளத்தில் சொல்லப்படுவதைக் காணும் இன்பம் அது. இதனை அறியாது, சொற்சிக்கனத்தையே குறுங்கவிதையாகக் கொள்வோர் பலர். அவர்கள் எழுதுவன பெரும்பாலும் துணுக்குகளாகவோ, மடக்கி எழுதிய முழக்கங்களாகவோ முடிகின்றன. ஈற்றடியில் ஒரு சிலேடை வெடிக்கும். சிரிப்பு அடங்கியதும் அதனோடு பாட்டும் அடங்கிவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. தமிழில் உடலசைவைக் குறிக்கும் தொடர்கள் மிகுதி. கையைப் பிசைந்தான், உதட்டைப் பிதுக்கினாள், முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள், கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தான் முதலியன ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் கூர்ந்து கண்ட காட்சி. வழக்கில் தேய்ந்த பிறகு அவை வெறும் மரபுத்தொடர்கள். 'மூக்கில் விரல் வைத்தனர்' என்று எழுதுபவர் மனத்தில் மூக்குமில்லை, விரலுமில்லை; வியந்தனர் என்பதற்கு அது மாற்றுச்சொல், அவ்வளவுதான். காலால் நிலம் கீறும் நாணமும் அத்தகையதே. மெய்ப்பாட்டைச் சொல்கிறோம் என்று எண்ணிக்கொண்டே மெய்யை மறந்துவிடும் கவிதைகள் இவை.

கோலா கங்சார் போன்ற ஊரில் வாழும் தமிழ்க் கவிஞனுக்கு இக்குறை நேர வேண்டுவதில்லை. பேராக் ஆற்றங்கரையில் அமைந்த அவ்வூர் மாநிலத்தின் அரச நகரம். மன்னர் முன் மலாய்க்காரர் இரு கைகளையும் குவித்து முகத்திற்கு நேரே உயர்த்திச் செய்யும் 'செம்பா'வும், தமிழர் கோயிலில் செய்யும் கும்பிடும் பார்வைக்கு உடன்பிறந்தவை போன்றவை, பொருளோ ஒன்றன்று. ஒருவரைச் சுட்ட நேர்ந்தால் மலாய்க்காரர் ஆட்காட்டி விரலை நீட்டுவதில்லை. மற்ற விரல்களை மடக்கிப் பெருவிரலால் காட்டுவர். பெரியோர் அமர்ந்திருக்கும் இடத்தைக் கடக்கையில் உடலைத் தாழ்த்திக் கையைக் கீழ்நோக்கி நீட்டிச் செல்வர். தமிழர் இசைவு தெரிவிக்கத் தலையைப் பக்கவாட்டில் சாய்ப்பதை மறுப்பு என்று பிறர் மயங்குவதும் உண்டு. ஒரே தெருவில் ஒன்றுக்கு மேற்பட்ட மெய்ம்மொழிகள் வழங்கும் இடத்தில், 'தலையசைத்தாள்' என்ற சொல் போதாது. சாய்த்தாளா, கவிழ்த்தாளா, நிமிர்த்தாளா என்பதைக் கவிஞன் பார்த்துச் சொல்ல வேண்டியவனாகிறான். வள்ளுவர் குறிப்பறிதல் என்னும் தலைப்பைப் பொருட்பாலில் 71ஆம் அதிகாரமாகவும், காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமாகவும் இருமுறை வைத்தார். அரசவையில் நிற்பவனுக்கும் காதலனுக்கும் வேண்டப்படும் கண் ஒன்றே என்பது அவர் கருத்தாதல் வேண்டும்.

அரசவைக்கு அப்பால் தோட்டம் இருந்தது. 1877இல் கோலா கங்சாரில் நடப்பட்ட இரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் அந்நகரில் நிற்கிறது. அம்மரத்தின் வழியே வளர்ந்த தொழில் தமிழர் உடலுக்குத் தனியொரு மொழியைக் கற்பித்தது. விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது தலையிலிருந்த துண்டு தோளுக்கு இறங்கும். துரை நகர்ந்ததும் மீண்டும் தலைக்கு ஏறும். இவ்விரு அசைவுகளுக்கிடையே ஒரு வாழ்க்கை முழுவதும் அடங்கிவிடுகிறது. பால் வெட்டும் தொழிலில் மற்றொன்று: பட்டை தீரத் தீர வெட்டுக்கோடு மரத்தில் கீழிறங்கிக்கொண்டே போகும், வெட்டுபவரின் குனிவும் அதனோடு கூடிக்கொண்டே போகும். தொழிலாளர் துயரைப் பாடிய கவிதைகள் இந்நாட்டில் ஏராளம். அவற்றுள் கண்ணீர், வியர்வை, உதிரம் ஆகிய மூன்று சொற்களும் வந்த அளவுக்கு இக்குனிவு வந்ததில்லை என்றே கூறலாம். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டன. லயங்களில் பிறந்தோர் பட்டணங்களில் குடியேறினர். பெரட்டை நேரில் காணாத மாணவர் தலைமுறை வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறது. ஊதியக் கணக்கும் வேலைநிறுத்தமும் ஏடுகளில் பதிவாகியிருக்கும். துண்டு இறங்கிய விதம் எந்த ஏட்டிலும் இராது. அது குறுங்கவிதைக்கு உரிய பொருள். காலம் கடந்தால் கண்டு சொல்வோர் இரார்.

வடிவத்துக்கு வெளியே தேடிப் போகவும் வேண்டா. ஜப்பானியக் குறும்பாட்டின் சுருக்கத்தை வியந்து பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் எழுதினார். 1984இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்' வெளிவந்த பிறகு தமிழில் ஹைக்கூ பெருகியது. மலேசியத் தமிழர்க்கோ பந்துன் அண்டை வீட்டுச் செல்வம். 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற வடிவம். அதன் நான்கு அடிகளுள் முதலிரண்டு ஆற்றையோ மரத்தையோ கனியையோ காட்டும். பின்னிரண்டு கருத்தைச் சொல்லும். முன்பகுதியின் நிழல் பின்பகுதியில் விழும் முறை சங்கப்பாட்டின் உள்ளுறையையும் இறைச்சியையும் நினைவூட்டுவது. எனினும் பந்துன் தன் கருத்தை வெளிப்படையாகக் கூறிவிடுகிறது; குறுந்தொகை பெரும்பாலும் கூறாது நிற்கிறது. இவ்வேறுபாட்டை இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பித்தால் மாணவர் ஒரு பாடவேளையில் உணர்ந்துகொள்வர்.

கவிதை ஒப்புவித்தலில் நிகழ்வதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். போட்டி மேடைகளில் 'வானம்' என்ற சொல்லுக்குக் கை மேலே போகிறது. 'நெஞ்சம்' என்ற சொல்லுக்கு மார்பில் வைக்கப்படுகிறது. 'கண்' என்றதும் விரல் கண்ணைத் தொடுகிறது. இது மெய்ப்பாடன்று, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. அடியார்க்கு நல்லார் சிலப்பதிகார அரங்கேற்று காதையின் உரையில் ஒற்றைக்கை 33, இரட்டைக்கை 15 என வகுத்துக் காட்டும் கைகள் கூத்துக்கு உரியவை. அவற்றுக்குத் தனிப் பயிற்சியும் தாளமும் உண்டு. பாட்டைச் சொல்பவர்க்கு அவை வேண்டா. குறும்பாட்டில் சொற்கள் சிலவே ஆதலின், சொல்தோறும் கை அசைந்தால் கேட்போர் கையையே பார்ப்பர், பாட்டு போய்விடும்.

கூடலூர் கிழார் பாட்டையே ஒரு மாணவி மேடையில் சொல்வதாகக் கொள்வோம். பிசைவதையும் புகைக்குக் கண்ணைச் சுருக்குவதையும் அவள் எளிதில் நடித்துக் காட்டிவிடலாம். ஈற்றடிக்கு வந்ததும் கை உதவாது. அகன்ற புன்னகை பாட்டையே பொய்யாக்கும். அப்பாட்டு தலைவியின் கூற்றன்று. மகளின் இல்லறத்தைப் பார்த்துத் திரும்பிய செவிலி நற்றாயிடம் உரைப்பது. மாணவி ஏற்க வேண்டியது சமைத்தவளின் முகத்தையன்று. அதனை ஒதுங்கி நின்று கண்டு, மனநிறைவோடு தாயிடம் சொல்ல வந்தவளின் முகத்தை.