ஜன்னத் என்னும் மாமியார்: நசிபா ஜெய்னலோவாவும் வகைப்பாத்திர மரபும்

சோவியத் நாடக அரங்குகளில் ‘ஆம்ப்ளுவா’ என்றொரு சொல் வழக்கில் இருந்தது. நடிகரின் உடல்வாகு, குரல், வயதுத் தோற்றம் ஆகியவற்றைக் கொண்டு அவருக்குரிய பாத்திர வகையை வரையறுத்து, பெரும்பாலும் அவ்வகை வேடங்களையே தொடர்ந்து வழங்கும் முறையை அது குறித்தது. பிரெஞ்சு நாடகத்திலிருந்து ரஷ்ய மேடைக்கு வந்த இம்முறையைத் தமிழில் வகைப்பாத்திர மரபு எனலாம். அது ஒருவரை எவ்வளவு உயர்த்தும், எவ்வளவு கட்டிப்போடும் என்பதற்கு அஜர்பைஜான் நடிகை நசிபா ஜெய்னலோவாவின் (1916–2004) கலைவாழ்வு நல்ல சான்று.

பாகுவில் பிறந்த நசிபா, அந்நாட்டுத் தொழில்முறை நாடகத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜஹாங்கீர் ஜெய்னலோவின் மகள். ஆயினும் தந்தை 1918-இல் இறந்துவிட்டமையால், அவரைப் பார்த்தே நடிப்பைக் கற்றார் என்று சொல்ல இடமில்லை. 1938 முதல் பாகுவின் இசை நகைச்சுவை அரங்கே அவருடைய களமாயிற்று. இசையமைப்பாளர் உசேயிர் ஹாஜிபெயோவின் இசை நகைச்சுவையான ‘அர்ஷின் மால் ஆலான்’ 1913-இல் அரங்கேறியபோது, நாயகி குல்சோஹ்ராவாகத் தோன்றியவர் அஹ்மத் அக்தாம்ஸ்கி என்னும் ஆண். அவ்வகை அரங்கின் சிரிப்பை ஒரு பெண் தன் தோளில் சுமக்க ஒரு தலைமுறையே போதுமானதாக இருந்தது என்பதை, மரபைக் குறைகூறும் முன் நினைவிற்கொள்ளவேண்டும்.

மரபின் வலிமையைக் காட்டுவது, மஜீத் ஷம்ஹாலோவின் நாடகத்தை அடியொற்றி ஹுசைனகா அதாகிஷியேவ் 1978-இல் இயக்கிய ‘கய்னானா’ என்னும் படம். அச்சொல்லுக்கு மாமியார் என்று பொருள். நசிபா ஏற்று நடித்த, மருமகளை ஆட்டிப்படைக்கும் அந்த மாமியாரின் பெயரோ ‘ஜன்னத் ஹாலா’. ‘ஹாலா’ என்பது தாயின் சகோதரியையும், மரியாதை கருதி மூத்த பெண்டிரையும் குறிக்கும், ‘ஜன்னத்’ சொர்க்கம். வீட்டையே நரகமாக்குபவளுக்குச் சொர்க்கம் என்று பெயரிட்டது ஆசிரியரின் குறும்பு. பெயர் காதில் விழும்போதே சிரிப்பு கிளம்பிவிடுகிறது. முதல் காட்சியிலேயே இவள் யாரென்று அவையோர் அறிந்திருப்பதால், நசிபாவுக்கு அறிமுகச் சுமை இல்லை; சீற்றத்திலிருந்து கெஞ்சலுக்குக் குரலைச் சட்டென்று இறக்குவது போன்ற நுணுக்கங்களில் முழுக் கவனத்தையும் செலுத்த முடிகிறது.

குறையும் இதே இடத்தில்தான் முளைக்கிறது. மாமியாரை எல்லோரும் ஏற்கெனவே அறிந்திருப்பதாகக் கருதப்படுவதால், அவள் ஏன் இப்படியானாள் என்று யாரும் கேட்பதில்லை. மகனின் குடும்பத்தில் தன் அதிகாரம் நழுவுவதைக் காணும் முதியவளின் அச்சம், அடுத்த வேடிக்கைக்கான தூண்டுதலாக மட்டுமே பயன்படுகிறது. நகைச்சுவைக்கு நல்ல முடிவு வேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்துகொள்ள, குடும்பச் சிக்கல் ஆராயப்படாமலே சமரசத்தில் கரைகிறது. நசிபாவின் முகத்தில் அவ்வப்போது தோன்றி மறையும் வாட்டம், எழுத்தில் இல்லாத ஒன்றை நடிகையே சேர்த்தது போலத் தோன்றுகிறது. சிரிப்பலை அடங்குவதற்குள் அது கடந்துபோகிறது.

1967-இல் மக்கள் கலைஞர் பட்டம் பெற்றிருந்த அவருக்கு இப்படம் வெளியானபோது வயது அறுபத்திரண்டு. அதன்பின் பொதுமக்கள் மனத்தில் நசிபா என்றால் ஜன்னத். ஜன்னத் என்றால் நசிபா.