வரைபடத்தில் இல்லாத அரசுகள்

கலைஞன் யாருக்குக் கடமைப்பட்டவன்? கனவுக்கா, தன்னைச் சுமக்கும் மக்களுக்கா? ஐவர் நோவெல்லோவின் வாழ்வை எடைபோடப் புகும்போது இக்கேள்வியே நம்முன் எழுகிறது.

1893இல் வேல்சு நாட்டுக் கார்டிஃப் நகரில் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் டேவிட் ஐவர் டேவிஸ். தாய் கிளாரா பேர்பெற்ற இசையாசிரியை. மகளிர் பாடற்குழுவை நடத்திப் புகழ் கண்டவர். தந்தைவழிப் பெயரை விடுத்து, தாயின் பெயரிலிருந்த 'நோவெல்லோ'வை மகன் ஏற்றார்.

1914இல் போர் மூண்டது. இருபத்தொரு வயது இளைஞர் மெட்டமைத்த 'கீப் த ஹோம் ஃபயர்ஸ் பர்னிங்' என்னும் பாடல் பிரிட்டனெங்கும் ஒலித்தது. பிள்ளைகள் களத்திலிருந்து திரும்பும்வரை இல்லத்துக் கணப்பு அணையலாகாது என்பது அதன் கருத்து. மகனைப் பிரிந்த தாய்க்கு அஃது ஆறுதல், மறுப்பார் யார்? ஆனால், அந்த மகன் யாருக்காகப் பலியிடப்பட்டான் என்று அப்பாட்டு கேட்கவில்லை! சொற்களைத் தந்த லீனா கில்பர்ட் ஃபோர்டு என்னும் அமெரிக்கப் பெண்மணி, 1918இல் லண்டனில் தம் இல்லத்தின்மீது விழுந்த குண்டுக்கே இரையானார். கணப்பைக் காக்கச் சொன்னவரின் கூரையையே போர் விட்டுவைக்கவில்லை.

பின்னர்ப் படவுலகம் அவரை அழைத்தது. 1927இல் ஹிட்ச்காக் உருவாக்கிய 'தி லாட்ஜர்' என்னும் ஊமைப்படத்தில், கொலைகாரனோ என்று ஊர் ஐயுறும் இளைஞனாக நடித்தார். ஆயினும் அவர் உள்ளம் நாடியது மேடையையே.

1930களில் தென்வேல்சின் நிலக்கரிச் சுரங்கங்கள் பல மூடிக் கிடந்தன. கரி தோண்டிய கைகள் வேலையின்றி வாடின. அந்நாளில், 1935இல், லண்டன் டிரூரி லேன் கொட்டகையில் அரங்கேறியது அவரது 'கிளாமரஸ் நைட்'. எந்த வரைபடத்திலும் இல்லாத கிராசினியா என்னும் நாடு, அதற்கொரு மன்னன், மேடையிலேயே மூழ்கும் கப்பல்! கதையும் இசையும் அவருடையவை, நாயகனும் அவரே. கண்டோர் களித்தனர். ஆனால், அவரைப் பெற்றெடுத்த மண்ணின் துயருக்கு அம்மேடையில் இடம் எங்கே? வேல்சில் பிறவாத கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் சுரங்கத் தொழிலாளரின் தோழரானார். 1940இல் அவர்தம் வாழ்வைக் காட்டிய 'தி பிரவுட் வேலி' படத்தில் நடித்தார். வேற்றுமண்ணார்க்குக் கேட்ட குரல், சொந்த மைந்தரின் செவியில் விழவில்லையே!

குறையை மட்டுமே கூறுவது திறனாய்வன்று. 1939இல் 'தி டான்சிங் இயர்ஸ்' நாடகத்தில் நாசிகளின் கொடுமைக்கு ஆளாகும் யூத இசைவாணனை நாயகனாக்கினார். கனவு மேடையில் உண்மை நுழைந்த நேரம் அது. அந்தத் துணிவை நாம் போற்றுகிறோம். அது வளரவில்லையே என்று வருந்துகிறோம்.

1944இல் போர்க்கால எரிபொருள் விதியை மீறியதற்காக எட்டு வாரத் தண்டனை பெற்று, நான்கு வாரம் சிறையிருந்தார். மேடை மன்னனையும் சட்டம் சாமானியனாகவே நடத்தியது. ஆனாலும் விடுதலையான பின் அவர் படைத்த 'கிங்ஸ் ராப்சடி' மீண்டும் ஓர் அரசகுடும்பக் கதையே! அதில் நடித்துவிட்டு இல்லம் திரும்பிய சில மணி நேரத்தில், 1951 மார்ச் 6 அன்று, அவர் மறைந்தார்.

பிரிட்டனில் சிறந்த பாடலாசிரியர்க்கு ஆண்டுதோறும் வழங்கும் விருது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மெட்டுக்கு அந்த மாலை தகும். ஆனால், இளைஞர்களே! இசை, கண்ணீரைத் துடைத்தால் மட்டும் போதாது. கண்ணீர் ஏன் வந்ததென்றும் கேட்கவேண்டும்.