படமும் சாட்சியமே

எழுதத் தெரிந்தவரே பத்திரிகையாளர் என்றிருந்த காலம் மறைந்துவிட்டது. இணைய ஊடகத்தில் செய்தி சேகரிப்பவரே படமெடுக்கிறார். அதை வெட்டித் தொகுக்கிறார். எழுத்துருவும் வண்ணமும் தேர்ந்து தலைப்பிடுகிறார். செய்தியாளர், துணையாசிரியர், ஓவியர் எனப் பலர் பகிர்ந்து செய்த பணி இன்று ஒருவரின் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. பலர் கண்பட்டுத் திருந்தி வந்த செய்தி, ஒருவரது மனச்சான்றை மட்டுமே நம்பி வெளிவருகிறது. எனவே, காட்சி வடிவமைப்பை வெறும் அலங்காரக் கலையாகக் கருதுவது இனிப் பொருந்தாது.

தமிழ் இதழியலில் படத்தின் ஆற்றலை முன்னதாகவே உணர்ந்தவர் பாரதியார். 1906-இல் சென்னையில் தோன்றி, 1908-இல் நம் அண்டையிலுள்ள புதுவைக்கு இடம்பெயர்ந்து, 1910 வரை வெளிவந்த ‘இந்தியா’ வார இதழ், தமிழில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழிகாட்டியது. ஆ. இரா. வேங்கடாசலபதி 1994-இல் தொகுத்தளித்த ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ நூலைக் காண்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். அப்படங்கள் நடுநிலையானவை அல்ல. மிதவாதிகளை எள்ளுவதில் இரக்கம் காட்டுவதில்லை. அது குறையே. ஆயினும், அவை வாசகரை ஏமாற்றவில்லை. கோட்டோவியம் தன்னைக் கருத்து என்றே அறிவித்துக்கொள்கிறது. உடன் வந்த விளக்கமோ, எது எதைக் குறிக்கிறது என்று ஒளிவின்றிச் சொல்கிறது. மறுக்க விரும்பியவருக்கு வழி திறந்தே இருந்தது.

இன்று நம் கைப்பேசிகளில் வலம்வரும் போலிச் செய்தி அட்டைகள் இதற்கு நேர்மாறானவை. ஒரு தலைவரின் முகம், மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியம், மூலையில் பெயர்பெற்ற தொலைக்காட்சியின் முத்திரை. அந்நிறுவனத்தின் வண்ணமும் எழுத்துருவும் பிசகாமல் நகலெடுக்கப்படுகின்றன. இங்கே கருத்து, செய்தியின் வேடம் புனைகிறது. வடிவமைப்பே பொய்க்குத் துணைநிற்கிறது.

வேடத்தினும் கொடியது வெட்டு. கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக ஒரு விழிப்புணர்வுக் காணொளி எடுக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளில் வருவோர் சிறுவன் ஒருவனைத் தூக்கிச் செல்கின்றனர். பின் திரும்பி வந்து அவனை விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகத்தை ஏந்திக் காட்டுகின்றனர். அந்த இறுதிப் பகுதி நீக்கப்பட்டு, உண்மைக் கடத்தலென இந்தியாவில் அக்காணொளி பரவியது. பிள்ளை பிடிப்போர் பற்றிய வதந்திகள் பெருகிய அந்த 2018-ஆம் ஆண்டின் மே மாதத்தில், நம் அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில், போளூரை அடுத்த அத்திமூரில் ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். குலதெய்வ வழிபாட்டுக்கு வந்தவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், அதுவே குற்றமாயிற்று. சில நொடிக் காட்சியை நீக்குவது தொழில்நுட்பச் செயல் மட்டுமன்று, அறம் சார்ந்த செயல் என்பதற்கு இக்காலத்தை விடச் சான்று வேண்டுமா?

படத்தை மாற்றாமலும் பொய் சொல்லலாம். 2023 மார்ச்சில், தொடர்பற்ற நிகழ்ச்சிகளின் காணொளிகள், தமிழகத்தில் பீகார் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் குறிப்புடன் பரப்பப்பட்டன. காட்சி உண்மை, குறிப்பு பொய். உழைத்துப் பிழைக்க வந்தவர்கள் அஞ்சி நடுங்கினர்.

சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றி 1963-லேயே தனி ஆணையேடு தந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், அவற்றைக் கையாளுவதில் பொதுநிலையினரும் பயிற்சி பெறவேண்டுமென வலியுறுத்தியது. பத்திரிகையாளரின் பாதுகாவலராக 1923-இல் அறிவிக்கப்பட்ட புனித பிரான்சிஸ் சலேசியார், துண்டறிக்கைகளால் இல்லந்தோறும் நற்செய்தியைச் சேர்த்தவர். திருத்தந்தை பிரான்சிஸ் தமது 2021-ஆம் ஆண்டுச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், பிலிப்பு நத்தனியேலுக்கு விடுத்த அழைப்பையே கருப்பொருளாக்கி, நேரில் சென்று காண்பதே இதழியலின் உயிர் என்று உணர்த்தினார்.

அனந்தபுரம் போன்ற ஊர்களிலும் பங்கு விழா அழைப்பிதழையும் இளையோர் இயக்கச் செய்தியையும் கைப்பேசியிலேயே வடிவமைக்கும் இளைஞர் பலர் உள்ளனர். அவர்களுக்கு மென்பொருள் கற்பித்தால் போதாது. படம் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது, எது நீக்கப்பட்டது, கருத்து எது, செய்தி எது எனக் காட்டும் பழக்கத்தையும் கற்பிக்கவேண்டும். பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கப் பணிக்கும் எட்டாம் கட்டளை நாவுக்கு மட்டுமன்று. வெட்டும் விரலுக்கும், பகிரும் விரலுக்கும் உரியது.